ஓர் ஆண்டின் ஊறுகாய்க்கு 8 கிலோ காய் போதும்

அன்புள்ள வாசகருக்கு,

வீட்டின் பின்புறம் 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் இருக்கும் இடத்தில் காய்கறி பயிரிட்டு, விளைச்சலில் பெரும்பகுதியை ஊறுகாயாகப் போட்டு, நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் காய்கறிச் செலவை ஆண்டு முழுவதும் குறைக்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா, எந்தக் காய்களைத் தேர்ந்தெடுப்பது, வினிகரில் தண்ணீரைக் கூடுதலாகக் கலக்கலாமா, உயர் இரத்த அழுத்தம் உள்ள உங்கள் கணவருக்காக உப்பைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஏற்கெனவே போட்டுவைத்த ஆறு பாட்டில்களைப் பற்றியும் விவரித்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டில்களில் தாமதிக்கக் கூடாத விஷயம் ஒன்று இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, பீன்ஸும் வெள்ளரியும் போட்டு, கொதிநீரில் வைத்து மூடி, ஒரு மாதமாகச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கும் நான்கு பாட்டில்களையும் திறக்காமல், ருசி பார்க்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். அவை தெளிவாகவும் நல்ல மணத்துடனும் இருக்கலாம். அதனால் அவை பாதுகாப்பானவை என்று ஆகிவிடாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் இயல்பாகவே இருப்பவை. கழுவிய காயிலும் அவை ஒட்டியிருக்கக்கூடும், 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. காற்றுப் புகாத, அமிலம் குறைந்த, அறை வெப்பத்தில் இருக்கும் பாட்டில்தான் அவை முளைத்துப் பெருகுவதற்கு வசதியான இடம். அப்படிப் பெருகும்போது அவை உண்டாக்கும் நச்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. அந்த நச்சு இருப்பதை மணமோ நிறமோ பல நேரங்களில் காட்டிக்கொடுப்பதில்லை. வீட்டில் ஊறுகாய் போடுகிறவருக்கு இதற்கெதிராக இருக்கும் முக்கியமான காப்பு அமிலம்தான். பாட்டிலில் உள்ள திரவத்தின் அமிலநிலை மட்டுமல்லாமல், காயின் உட்பகுதியின் அமிலநிலையும் பி.எச். 4.6 என்ற எல்லைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் பாட்டிலையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் சுமார் 600 கிராம் காயும் 400 மில்லி திரவமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள வினிகரையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்திருந்தால் அந்த 400 மில்லியில் 10 கிராம் அமிலம் இருக்கும். காயிலுள்ள நீர் வெளியே வந்து, அமிலம் உள்ளே சென்று, சில நாட்களில் இரண்டும் சமநிலைக்கு வரும்போது, பாட்டிலில் உள்ள மொத்தப் பொருளில் அமிலம் ஏறத்தாழ 1 சதவீதமாக நிற்கும். நீங்கள் கலந்த விகிதத்திலோ இருப்பது 5 கிராம்தான்; சமநிலைக்கு வந்தபின் அரை சதவீதம். பீன்ஸ் போன்ற காய்களுக்கு இயல்பாகவே அமிலம் மிகக் குறைவு; சேர்க்கும் அமிலத்தின் ஒரு பகுதியை அவை தம் சத்துகளாலேயே மட்டுப்படுத்தவும் செய்கின்றன. ஆகவே அந்த அரை சதவீதத்தை நம்பி ஒரு பாட்டிலை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது. வினிகர் 4 சதவீதமாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் அமிலச் சதவீதத்தைப் படிக்காமல் வினிகர் வாங்காதீர்கள். அந்த எண் இல்லாத வினிகரையும், வீட்டில் தயாரித்த, வலிமை தெரியாத வினிகரையும் சாலட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இதுதான்: 5 சதவீத வினிகரில் சம அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அதிலும், அலமாரியில் வைக்கப்போகும் பாட்டிலுக்கு, அந்தக் காய்க்கென்று சோதித்து வெளியிடப்பட்ட செய்முறையில் உள்ள விகிதத்தை அப்படியே பின்பற்றுங்கள். புளிப்பு அதிகமாகத் தோன்றினால் சர்க்கரையைச் சிறிது கூட்டலாம். வினிகரைக் குறைக்கக் கூடாது. கலவையை நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் அசிட்டிக் அமிலம் ஆவியாகிப் போகும் என்பதால், கொதி வந்ததும் பாட்டிலில் ஊற்றிவிட வேண்டும். அலுமினியம், செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்களை அமிலம் அரித்து உணவில் கலந்துவிடும்; துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, பழுதில்லாத எனாமல் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

வினிகர் செலவைக் குறைப்பதற்கு முறையான வழிகள் இருக்கின்றன. காய்களைப் பாட்டிலின் உயரத்துக்கு ஏற்ப ஒரே நீளமாக நறுக்கி, நின்ற நிலையில் நெருக்கமாக அடுக்கினால், உள்ளே ஊற்ற வேண்டிய திரவம் கணிசமாகக் குறையும். கழுத்து குறுகாத நேரான பாட்டில் இதற்கு ஏற்றது. ஆனால் நெருக்கம் என்பது காயை நசுக்கித் திணிப்பதல்ல. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் திரவம் செல்ல இடம் வேண்டும். மேலே குறைந்தது ஒரு விரல் அளவு வெற்றிடமும் வேண்டும். ஒருமுறை ஊறுகாய் போட்ட திரவத்தை அடுத்த பாட்டிலுக்கு மீண்டும் பயன்படுத்த எண்ணாதீர்கள். காயிலிருந்து இறங்கிய நீரால் அது ஏற்கெனவே வலிமை குன்றியிருக்கும். சாலட்டில் எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாகச் சேர்த்தால் அது வீணாகாது.

வினிகரே தேவைப்படாத, செலவு மிகக் குறைந்த வழி உப்புநீரில் நொதிக்கவைப்பது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான். விளைச்சலில் பெரும்பகுதியை ஊறுகாயாக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஊறுகாய் காய்கறிக்கு மாற்று அல்ல. அதில் உள்ள உப்பும் அமிலமும் அதைச் சிறிதளவே உண்ணத் தக்க துணை உணவாக ஆக்கிவிடுகின்றன. உங்கள் வீட்டில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று இரண்டு வாரத்துக்கு வருவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 26 பாட்டில்கள் வேண்டும். ஒரு பாட்டிலில் 300 கிராம் காய் அடங்கும் என்றால், மொத்தம் 7.8 கிலோ. ஓர் ஆண்டு முழுவதற்கும் உங்கள் குடும்பத்துக்குத் தேவையான ஊறுகாய் 8 கிலோ காய்க்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் நான்கு பேர் ஓர் ஆண்டில் சமைத்தும் பச்சையாகவும் உண்ணும் காய்கறி இதைப் போலப் பல மடங்கு. பணம் மிச்சமாக வேண்டிய இடம் அந்தப் பெரிய பங்குதான். பறித்த அன்றே சமைத்துச் சாப்பிடுகிற காய்தான் உங்கள் பையில் பணத்தை நிற்கவைக்கும். அதற்கு பாட்டில் வேண்டாம், மூடி வேண்டாம், வினிகர் வேண்டாம், வழக்கமான சமையலுக்கு மேல் அடுப்பும் எரிய வேண்டாம்.

அப்படியானால் ஊறுகாயின் வேலை என்ன? ஒரே வாரத்தில் தேவைக்கு மேல் காய்த்துக் குவியும் காயை அழுகவிடாமல் காப்பது. தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிந்த உண்மை இது: நாற்பது நாள் ஒன்றும் இருக்காது, பின்பு பத்து நாள் அள்ள முடியாது. அந்தப் பத்து நாட்களில் வீணாகியிருக்கக்கூடிய 2 கிலோ வெள்ளரியை ஊறுகாயாக்கினால், அந்தக் காய்க்கு நீங்கள் புதிதாகச் செலவழித்தது ஒன்றுமில்லை. மாறாக, ஊறுகாய்க்கென்றே இடத்தையும் நீரையும் ஒதுக்கி, சமைப்பதற்கான காயைச் சந்தையில் வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நீங்கள் போடும் ஊறுகாயை எதன் விலையோடு ஒப்பிடுகிறீர்கள்? இதுவரை கடையில் ஊறுகாய் வாங்கிவந்த குடும்பமாக இருந்து, இனி அதை நிறுத்துவீர்கள் என்றால், ஒவ்வொரு பாட்டிலும் உண்மையான மிச்சம். இதுவரை வாங்காதவராக இருந்தால், உங்கள் உணவில் ஒரு புதிய பொருள் சேர்கிறது. அது நல்லதே என்றாலும் அதைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது. காய்க்கும் இதே அளவுகோல்தான். உங்கள் தக்காளி காய்க்கும் பருவத்தில்தான் சந்தையிலும் தக்காளி மலிந்திருக்கும். ஆகவே உங்கள் விளைச்சலுக்கு அந்த வாரத்துச் சந்தை விலையைப் போடுங்கள், பஞ்ச காலத்து விலையைப் போடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பறித்த காயின் எடை, அன்றைய விலை, செலவழித்த தொகை என்ற மூன்றையும் ஓர் ஆண்டுக்கு எழுதிவந்தால், என்னைப் போன்றவர்களின் ஆலோசனையைவிட அந்தப் புத்தகம் உங்களுக்கு நன்றாக வழிகாட்டும்.

செலவுப் பக்கத்தில் முதல் ஆண்டு நிச்சயமாகக் கனமாக இருக்கும். தொட்டிகள், மண், பந்தல் கம்பிகள், பாட்டில்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கப்படுபவை, ஆனால் பல ஆண்டுகள் உழைப்பவை. அவற்றின் விலையை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு ஒரு பங்காகக் கணக்கில் வைப்பது நியாயமானது. இவற்றில் பலவற்றை வாங்காமலே சமாளிக்கலாம். அடியில் நீர் வடியத் துளையிட்ட எந்தப் பழைய வாளியும் தொட்டியாகும். சமையலறைக் கழிவும் காய்ந்த இலையும் சில மாதங்களில் மட்கு உரமாகும். கண்ணாடிப் பாட்டில்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அலமாரியில் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் மூடி புதிதாக இருக்க வேண்டும். ஏனெனில் மூடியின் உட்புற ரப்பர்ப் பூச்சு ஒருமுறை அழுந்திய பிறகு மறுமுறை சரியாகப் படிவதில்லை. நான் வற்புறுத்தி வாங்கச் சொல்லும் ஒரே பொருள், கிராம் கணக்கில் காட்டும் சிறிய எடைக்கருவி. கரண்டியால் அளக்கும் உப்பு, கல் உப்பா தூள் உப்பா என்பதைப் பொறுத்து எடையில் வெகுவாக மாறும். ஊறுகாய் கெடுவதற்கு இது அடிக்கடி காணும் காரணம்.

இனி எதைப் பயிரிடுவது. உங்களுக்கு இருப்பது 12 சதுர மீட்டர். நடைபாதை போனால் 8 அல்லது 9 மிஞ்சும். இந்த அளவு இடத்தில் நெடுநாள் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒருமுறை பலன் தரும் பயிர்களைத் தவிர்ப்பது நல்லது. முட்டைக்கோஸ் ஊறவைக்க மிக ஏற்ற காய் என்றாலும், ஒரு செடிக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இடைவெளியும் இரண்டரை முதல் மூன்று மாதமும் கொடுத்தால் கிடைப்பது ஒரே ஒரு கோஸ். பருவத்தில் மலிவாகக் கிடைக்கும்போது அதை விலைக்கு வாங்கி ஊறவைப்பதே சிக்கனம். சொந்தமாக விளைவித்ததைத்தான் ஊறவைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன்.

மாறாக, ஒருமுறை நட்டுப் பலமுறை பறிக்கக்கூடியவை உங்கள் இடத்துக்கு உரியவை: கீரைகள், பீன்ஸ், மிளகாய், தக்காளி, வெள்ளரி. கீரையில் வெளி இலைகளை மட்டும் கிள்ளிவந்தால் ஒரே செடி வாரக்கணக்கில் தரும். வாங்கிய கீரை இரண்டாம் நாளே வாடிக் குப்பைக்குப் போவதால், அளவாகப் பறிப்பதே ஒரு சேமிப்பு. மிளகாய் உறைபனி படாத இடத்தில் ஆண்டுகள் கடந்தும் காய்க்கக்கூடிய செடி; 10 லிட்டர் தொட்டி அதற்குப் போதும். தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் மண்ணாவது வேண்டும். பீன்ஸின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைப்படுத்துவதால் அதற்கு உரச் செலவு குறைவு. தழைச்சத்து உரத்தை அதிகம் கொடுத்தால் இலைதான் மண்டும், காய் குறையும். விதையை ஒரே நாளில் முழுதும் விதைக்காமல் இரண்டு மூன்று வார இடைவெளியில் பிரித்து விதைத்தால், குவியலும் வறட்சியும் மாறிமாறி வருவது தணியும். முள்ளங்கி விரைவில் முடிந்துவிடும் என்பதால் மற்ற செடிகள் வளரும்வரை இடையில் உள்ள வெற்றிடத்தில் போட்டுக்கொள்ளலாம். எந்தக் காயாக இருந்தாலும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழாத மூலையில் நடாதீர்கள்; அங்கே கீரை வரலாம், காய் வராது.

வெள்ளரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் ஊறுகாயின் தரம் செடியிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பின்னர் வரும் பெண் பூவின் அடியில் விரல்நுனி அளவில் ஒரு சிறு பிஞ்சு தெரியும். தேனீ வராத இடமாக இருந்தால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பிவிடும். மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறி என்று மாறிமாறி இருந்தால் செடி நலிந்து காயில் கசப்பு ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியம், பறிக்கும் நேரம். ஊறுகாய்க்கு விதை முற்றாத, விரல் நீளப் பிஞ்சுகள்தான் வேண்டும். ஒரு காயை முற்றவிட்டுவிட்டால், விதை தயாராகிவிட்டது என்று செடி புதிய காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ப்புக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது இலைகளுக்குள் தேடிப் பறித்துவிடுங்கள். பறித்தவற்றை 24 மணி நேரத்துக்குள் ஊறுகாயில் போட்டுவிட வேண்டும்.

உங்கள் ஐந்தாவது பாட்டிலான உப்புநீர் ஜாடியில் வெள்ளரி கொழகொழத்துப்போனதற்கான காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். காயில் பூ ஒட்டியிருந்த முனையில் இருக்கும் நொதிகள் காயின் உறுதிக்குக் காரணமான பெக்டினைக் கரைத்துவிடுகின்றன. காம்பு முனை எது, பூ முனை எது என்று பார்த்து, பூ முனையில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய வில்லையைச் சீவி எறிந்துவிட்டாலே பெரும்பாலும் இந்தக் குறை நீங்கும். உப்புக் குறைந்திருந்தாலும், அறை அதிக வெப்பமாக இருந்தாலும், காய் நீர்மட்டத்துக்கு மேல் மிதந்திருந்தாலும் இதே விளைவு வரும். மேலே படிந்த மெல்லிய வெள்ளைப் படலம் பெரும்பாலும் தீங்கில்லாத ஈஸ்ட். காய் உறுதியாகவும் மணம் புளிப்பாகவும் இருந்தால் அதை வழித்து எறிந்துவிட்டு உண்ணலாம். ஆனால் பஞ்சுபோல் எழும்பிய, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் கொண்ட பூஞ்சை இருந்தாலோ, காய் வழுவழுப்பாகிவிட்டாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும். உங்கள் ஜாடியில் காய் மென்மையாகி வழுக்குவதாக எழுதியிருப்பதால் அதையும் கொட்டிவிடுங்கள்.

மறுமுறை போடும்போது இப்படிச் செய்யுங்கள். ஜாடியை எடைக்கருவியில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காயை அடுக்கி, அது முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மொத்த எடையைப் பாருங்கள். 600 கிராம் காயும் 400 கிராம் நீரும் சேர்ந்து 1 கிலோ என்றால், கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் போன்றவற்றுக்கு அதில் 3 சதவீதமாகிய 30 கிராம் உப்பு வேண்டும். நீரை வடித்தெடுத்து, உப்பைக் கரைத்து, மீண்டும் ஊற்ற வேண்டும். வெள்ளரிக்கு உப்பைச் சிறிது கூட்டி 40 முதல் 50 கிராம் வரை போடுவது அதன் உறுதிக்கு நல்லது. முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, அதன் எடையில் 2 முதல் 2.5 சதவீத உப்பிட்டுப் பிசைந்தால் அதன் நீரே போதும். காயின் மேல் ஒரு சிறு கண்ணாடித் தட்டோ, அதே உப்புநீர் நிரப்பிய உணவுத்தரப் பையோ வைத்து, எந்தத் துண்டும் வெளியே தலைகாட்டாதபடி அழுத்திவிடுங்கள். மூடியை இறுக்காமல் வைத்தால் உள்ளே உண்டாகும் கரியமில வாயு வெளியேறும். இறுக்கினால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

உள்ளே நடப்பது இதுதான். உப்பு, அழுகவைக்கும் நுண்ணுயிர்களைத் தடுத்துநிறுத்துகிறது. உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயின் சர்க்கரையை உண்டு அமிலமாக்குகின்றன. முதல் சில நாட்கள் குமிழிகள் எழுந்து நீர் கலங்கும். பின்பு குமிழி அடங்கி, அடியில் வெண்மையான வண்டல் படியும். இவை கெட்டுப்போனதன் அடையாளங்கள் அல்ல, நொதித்தல் சரியாக நடப்பதன் அடையாளங்கள். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் இதற்கு உகந்த வெப்பம். முட்டைக்கோஸ் இந்த வெப்பத்தில் முழுதும் புளிக்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும், காய் மென்மையாகும் வாய்ப்பும் கூடும். ஆகவே வெப்பமான நாட்களில் வீட்டின் குளிர்ந்த மூலையைத் தேர்ந்தெடுத்து, போதிய புளிப்பு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே பல மாதம் நன்றாக இருக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் பி.எச். காகிதத்தை வாங்கி நனைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே காட்டினால் நிம்மதியாக இருக்கலாம்.

எண்ணெய் ஊற்றிவைத்தால் கெடாதே என்று சிலர் உங்களிடம் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எண்ணெய் காற்றைத் தடுக்கும், பூஞ்சையைத் தடுக்கும், அமிலத்தைத் தராது. போதிய புளிப்பும் உப்பும் ஏற்கெனவே உள்ள காயின் மேல் எண்ணெய் நிற்பது வேறு. பச்சைப் பூண்டையோ மிளகாயையோ வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது வேறு. இரண்டாவது, நான் தொடக்கத்தில் சொன்ன அதே நச்சுக்கு இடங்கொடுக்கும். அப்படிச் செய்வதானால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உங்கள் கணவருக்கான உப்பைப் பொறுத்தவரை, இரண்டு முறைகளுக்கும் விதி வேறு வேறு. உப்புநீரில் நொதிக்கவைக்கும் ஊறுகாயில் உப்பைக் குறைக்கவே கூடாது. அங்கே பாதுகாப்பையும் உறுதியையும் தருவது அதுதான். வினிகர் ஊறுகாயில் பாதுகாப்பைத் தருவது அமிலம்; உப்பு பெரும்பாலும் சுவைக்காகச் சேர்க்கப்படுவது. ஆகவே சம அளவு வினிகரும் நீரும் கலந்து, உப்பை வெகுவாகக் குறைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் முடித்துவிடும் சிறு பாட்டில்களை அவருக்கென்று தனியாகப் போடுங்கள். பூண்டு, மிளகு, கடுகு, கொத்தமல்லி விதை ஆகியவை உப்பில்லாத குறையைப் பெரிதும் மறைக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 3 சதவீத உப்புநீரில் ஊறிய காயை 50 கிராம் உண்டாலே அதில் 1.5 கிராம் உப்பு வந்துவிடுகிறது. மருந்து எடுத்துக்கொள்பவர் என்பதால் அந்த ஊறுகாய் அவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சில இரத்த அழுத்த மருந்துகளோடு அது ஒத்துப்போகாது.

இந்தப் பருவத்துக்கு நான் சொல்வது: இரண்டு வெள்ளரிக் கொடி, மூன்று முறை பிரித்து விதைத்த பீன்ஸ், நான்கு மிளகாய், மூன்று தக்காளி, மீதி இடமெல்லாம் கீரை. ஊறுகாய்க்கு ஆறு பாட்டிலுக்கு மேல் புதிதாக வாங்காதீர்கள். காலியான பாட்டிலை நிரப்பும் அளவுக்கு மிகுதிக் காய் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். வீரிய ஒட்டுரக விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் வராது. மறு ஆண்டு விதைச் செலவையும் மிச்சப்படுத்த எண்ணினால், பீன்ஸிலும் தக்காளியிலும் நாட்டு ரகங்களை இப்போதே தேர்ந்தெடுங்கள். அவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பவை என்பதால் விதையெடுப்பதும் எளிது.

குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஆறாவது பாட்டிலில் பூண்டுப் பற்கள் நீலப் பச்சையாக மாறியதைக் கண்டு பயந்து ஒதுக்கிவைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சரிபாதி வினிகரில் போட்டது என்பதால் கவலை வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. சுவையும் மாறாது, தீங்கும் இல்லை. அந்தப் பாட்டிலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.